சூடும் அளவும்: பட்டறையில் துல்லியம் காக்கும் வழிகள்

உலோகத்தைக் கடைந்து உருவாக்கும் தொழிலில் அளவே உயிர் என்பது யாவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. ஆயினும், அளவு தவறியபோது குற்றம் எங்கே நேர்ந்தது என்று கண்டறிவதில்தான் இடர்ப்பாடு தோன்றுகிறது. தொழிலாளியின் கை சரியில்லை என்போம். இயந்திரம் பழையது என்போம். அளவு கருவி மட்டமானது என்போம். இம்மூன்றும் குற்றமற்றவையாக இருந்தும் செய்த உருப்படி பயனற்றுப் போவதுண்டு. அங்கெல்லாம் நாம் முதலில் ஐயுற வேண்டிய காரணம் சூடு.

தொழிற் பயிற்சி நிலையங்களில் கற்பிக்கும் ஆசிரியர்களும், சிறு தொழிற்சாலைகளுக்குச் சென்று ஆலோசனை கூறும் களப் பணியாளர்களும் இதனை நன்கு உணர்ந்திருத்தல் வேண்டும். பட்டறைகளில் நாள்தோறும் வழங்கும் லேத்து, சக், மைக்ரோமீட்டர் முதலிய சொற்கள் இக்கட்டுரையில் அவ்வாறே எடுத்தாளப்பட்டுள்ளன. தொழிலாளி அறிந்த சொல்லை விட்டு அவன் அறியாத சொல்லால் அவனுக்கு அறிவுரை கூறுவதிற் பயனில்லை.

இரு நேர்மையாளர்களின் வழக்கு

மே மாதத்துப் பிற்பகல் ஒன்றைக் கருதுவோம். சிறு பட்டறை ஒன்றில் எஃகு ஷாப்ட் ஒன்று லேத்தில் கடையப்படுகிறது. அதன் விட்டம் 50 மில்லிமீட்டர். வரைபடத்தில் அதன் அளவு ‘50 எச் 7’ என்று குறிக்கப்பட்டுள்ளது. சர்வதேச எல்லை அளவு முறைப்படி, ஷாப்டின் விட்டம் 50.000 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது, 49.975 மில்லிமீட்டருக்குக் கீழ்ப்படவும் கூடாது என்பது இக்குறியீட்டின் பொருள். அனுமதிக்கப்பட்ட இடைவெளி 0.025 மில்லிமீட்டர், அதாவது 25 மைக்ரான் மட்டுமே. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனின் தலைமயிர் ஒன்றின் தடிப்பிலும் இது மிகச் சிறியது.

கடைசி வெட்டு முடிந்தவுடன் தொழிலாளி இயந்திரத்தை நிறுத்தி, ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை காட்டும் மைக்ரோமீட்டரால் ஷாப்டை அளக்கிறான். 49.985 என்று கருவி காட்டுகிறது. மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே அளவு அமைந்துவிட்டது. மனநிறைவுடன் ஷாப்டைக் கழற்றி வைக்கிறான். மறுநாள் அது வாங்குவோரின் பரிசோதனை அறையைச் சென்றடைகிறது. அங்கு 49.971 என்று அளவு காண்கிறது. கீழ் எல்லைக்கு 4 மைக்ரான் குறைவு. உருப்படி தள்ளப்படுகிறது.

தொழிலாளி பொய் சொல்லவில்லை. பரிசோதகரும் பொய் சொல்லவில்லை. இருவர் கருவிகளும் பிழையற்றவையே. பட்டறையில் மைக்ரோமீட்டர் 35 டிகிரி செல்சியஸ் உஷ்ணநிலையில் இருந்தது. வெட்டுச் சூட்டால் ஷாப்டோ 60 டிகிரியில் இருந்தது. எஃகு, ஒவ்வொரு டிகிரி உஷ்ண உயர்வுக்கும், மீட்டர் ஒன்றுக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளுகிறது. எனவே 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாப்ட் 25 டிகிரி கூடுதற் சூட்டில் 14 மைக்ரானுக்குச் சற்று மேலாகப் பருத்திருந்தது. அந்தப் பருமனைத்தான் தொழிலாளி அளந்தான். ஷாப்ட் குளிர்ந்தபோது அது மறைந்துவிட்டது. அனுமதிக்கப்பட்ட 25 மைக்ரானில் பாதிக்கு மேற்பட்ட பங்கைச் சூடு ஒன்றே விழுங்கிவிட்டதைக் காண்க.

இத்தகைய நிகழ்ச்சியின் விளைவு சிறியதன்று. சிறு பட்டறை உரிமையாளருக்கு மூலப் பொருளும் கூலியும் நஷ்டம். அவர் பெயருக்கும் இழுக்கு. பயிற்சி நிலையத்தில் இதே பிழை நேர்ந்தாலோ, கவனமற்றவன் என்னும் பட்டம் மாணாக்கனுக்குச் சூட்டப்படுகிறது. அவனுடைய கை தவறு செய்யவில்லை. காத்திருக்க வேண்டும் என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. இவ்வேறுபாட்டை அறியாத ஆசிரியர் நல்ல தொழிலாளி ஒருவனைத் தொடக்கத்திலேயே இழந்துவிடக்கூடும்.

இருபது டிகிரி என்னும் உடன்பாடு

உலோகத்தின் நீளம் உஷ்ணநிலைக்கேற்ப மாறுவதால், எந்த உஷ்ணநிலையில் அந்த அளவு உண்மை என்று கூறாதவரை ‘50 மில்லிமீட்டர்’ என்பது முழுமையான அளவாகாது. முற்காலத்தில் நாட்டுக்கு நாடு இவ்வுஷ்ணநிலை வேறுபட்டிருந்தது. பிரான்சு நாட்டு மீட்டர் கோல் 0 டிகிரி செல்சியஸில் தன் உண்மை நீளத்தைக் காட்டியது. பிரிட்டனின் கெஜக் கோலுக்கு 62 டிகிரி பாரன்ஹீட் விதிக்கப்பட்டிருந்தது. 1931ஆம் ஆண்டில் சர்வதேச எடை அளவுக் குழு, தொழில் அளவுகள் அனைத்துக்கும் 20 டிகிரி செல்சியஸே பொது உஷ்ணநிலை என்று தீர்மானித்தது. 1951இல் சர்வதேசத் தரநிர்ணய நிறுவனம் தனது முதல் பரிந்துரையாக வெளியிட்டதும் இதுவே. ஆகவே, வரைபடத்தில் வேறு குறிப்பு இல்லையெனில், அதிலுள்ள ஒவ்வோர் அளவும் 20 டிகிரிக்கு உரியது என்று கொள்ள வேண்டும்.

இன்று மீட்டர் என்பது உலோகக் கோலன்று. 1983ஆம் ஆண்டின் சர்வதேச வரையறைப்படி, வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்திற் செல்லும் தொலைவே மீட்டராகும். நம் நாட்டில் இவ்வளவைப் பேணும் பொறுப்பு, 1950இல் திறக்கப்பெற்ற புது தில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து, அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த நிலையங்கள் வழியாக, பட்டறையிலுள்ள ஸ்லிப் கேஜ்களுக்கும் அவற்றிலிருந்து மைக்ரோமீட்டருக்கும் உண்மையான அளவு சங்கிலித் தொடர்போல் வந்து சேர்கிறது. ஸ்லிப் கேஜ் என்பது பக்கங்கள் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்ட எஃகுக் கட்டை. ஸ்வீடன் நாட்டு எஸ்கில்ஸ்டுனா துப்பாக்கித் தொழிற்சாலையிற் பணியாற்றிய கார்ல் எட்வர்ட் யோஹான்சன், 1896ஆம் ஆண்டளவில் இதனைத் திட்டமிட்டார். 102 கட்டைகள் கொண்ட ஒரு தொகுதியை வேண்டியவாறு ஒன்றோடொன்று பொருத்தி, ஆயிரக்கணக்கான அளவுகளைப் பெற அவர் வழிகாட்டினார்.

இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி பட்டறையில் அளவெடுப்பவனின் கை. மேலேயுள்ள கண்ணிகள் எவ்வளவு உறுதியாயினும், சூடான உருப்படியை அவசரமாக அளக்கும் கை அத்தனையையும் வீணாக்கிவிடும்.

குளிர்சாதனமின்றித் துல்லியம்

20 டிகிரி அறை நம் பட்டறைகளில் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். அறை இல்லாமலே பெரும்பாலான வேலைகளைச் செம்மையாகச் செய்ய இயலும். உருப்படியும் எஃகு, மைக்ரோமீட்டரும் எஃகு, இரண்டும் ஒரே உஷ்ணநிலையில் உள்ளன என்றால், இரண்டும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் நீண்டிருக்கும். ஒன்றின் மிகுதியை மற்றதன் மிகுதி ஈடுசெய்துவிடும். பட்டறை 35 டிகிரியில் இருந்தாலும் 40 டிகிரியில் இருந்தாலும் கருவி காட்டுவது 20 டிகிரிக்குரிய அளவேயாகும். ஆகையால் எஃகு வேலையில் நமக்கு இன்றியமையாதது குளிர்ச்சியன்று, சம உஷ்ணநிலையே.

இதற்கான நடைமுறைகள் எளியவை.

முதலாவது, ஒரே மாதிரியான பத்து உருப்படிகள் செய்ய வேண்டுமாயின், ஒன்றை முழுதும் முடித்து அடுத்ததைத் தொடங்குதல் கூடாது. பத்துக்கும் முதலில் கரட்டு வெட்டுகளை முடித்து ஆறவிட வேண்டும். பத்தாவது முடியும்போது முதலாவது குளிர்ந்திருக்கும். அதன் பின்னர் இறுதி வெட்டுகளைத் தொடங்கினால் காத்திருக்கும் நேரம் வீணாகாது.

இரண்டாவது, அளக்க வேண்டிய உருப்படியையும் அளவு கருவியையும் கனத்த வார்ப்பிரும்புச் சமதளத் தட்டின்மேல் அருகருகே வைத்து ஆறவிடுதல் நலம். தட்டு இரண்டையும் ஒரே உஷ்ணநிலைக்குக் கொண்டுவரும். தட்டின்மீது வெயில் படுதலும், மின்விசிறிக் காற்று ஒரு பக்கமாக வீசுதலும் ஆகா.

மூன்றாவது, கை தொடும்போது சூடு தெரியவில்லை என்பதை மட்டும் நம்பலாகாது. 35 டிகிரிக்கும் 40 டிகிரிக்குமுள்ள வேறுபாட்டை விரல் சரியாக உணராது. 200 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் துண்டில் அந்த 5 டிகிரி 11 மைக்ரானுக்கு மேற்பட்ட வேறுபாட்டை உண்டாக்கும்.

நான்காவது, மைக்ரோமீட்டரின் வளைந்த உடலை நெடுநேரம் கையிற் பிடித்திருந்தால் உடற்சூடு அதனுள் ஏறி அளவைக் கெடுக்கும். பெரிய மைக்ரோமீட்டர்களில் பிடியின்மேல் வெப்பம் கடத்தாத உறை பொருத்தப்பட்டிருப்பது இதன் பொருட்டே. அளவெடுத்தவுடன் கருவியைத் தட்டில் வைத்துவிடும் பழக்கத்தை மாணாக்கர்க்குக் கற்பிக்க வேண்டும்.

அலுமினியம், பித்தளை ஆகியவற்றில் நிலைமை வேறு. அலுமினியம் எஃகைப்போல் இரு மடங்கு, அதாவது டிகிரிக்கு மீட்டர் ஒன்றுக்குச் சுமார் 23 மைக்ரான் நீளுகிறது. பித்தளை சுமார் 19 மைக்ரான். பட்டறை உஷ்ணநிலை 40 டிகிரியாக இருக்கையில் 100 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு 46 மைக்ரான் நீண்டிருக்கும். எஃகு மைக்ரோமீட்டர் 23 மைக்ரான் மட்டுமே நீண்டிருக்கும். எனவே இரண்டும் சம உஷ்ணநிலையில் இருந்தாலும் கருவி 23 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். அதனைக் கழித்தே அளவைக் குறிக்க வேண்டும். இக்கணக்கைச் செய்ய விரும்பாதவர்கள், அளவு உறுதிசெய்யப்பட்ட அலுமினிய மாதிரித் துண்டு ஒன்றை உருப்படிக்கு அருகில் வைத்து ஆறவிட்டு, டயல் கேஜின்கீழ் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே உலோகமாதலால் சூட்டின் பிழை தானே நீங்கிவிடும்.

துளைகளைப் பற்றி மாணாக்கரிடம் ஒரு தவறான எண்ணம் நிலவுவதுண்டு. உலோகம் சூடேறி விரியும்போது துளை சுருங்கிவிடும் என்று அவர்கள் கருதுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. உருப்படி முழுவதும் ஒரே சீராகச் சூடேறினால், துளையும் அதே உலோகத்தால் நிரம்பியிருந்தால் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரியும். சூடாக அளந்து சரியென்று விட்ட துளை குளிர்ந்தபின் சிறுத்துவிடும். பேரிங் உள்ளே போகாது. பேரிங்கைச் சூடாக்கி ஷாப்டின்மேல் ஏற்றும் வழக்கமே இதற்குச் சான்று.

கருவியைக் கையாளும் முறை

சூட்டை வென்ற பின்னரும் கையின் பிழைகள் எஞ்சியிருக்கும். மைக்ரோமீட்டரின் இரு முகங்களையும் தூய துணியால் துடைத்து, மூடிப் பார்த்து, பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் சோதிக்க வேண்டும். ஒரு சிறு பிசிறு இடையே சிக்கினாலும் பல மைக்ரான் பிழை நேரும். திம்பிளை நேரே பிடித்து இறுக்காமல், ராட்செட்டைத் திருப்பி எப்பொழுதும் ஒரே அழுத்தத்துடன் அளக்க வேண்டும். மைக்ரோமீட்டரைக் கிளாம்ப்போலப் பயன்படுத்துதல் அதன் ஆயுளுக்கே கேடு.

வெர்னியர் காலிப்பர் விரைவானது. ஆனால் நுண்ணிய எல்லைகளுக்கு அதனை நம்புதல் தகாது. ஜெர்மானிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஆப்பே 1890இல் எடுத்துரைத்த கொள்கை இதற்கு விளக்கமாகும். அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருத்தல் வேண்டும் என்பது அக்கொள்கை. மைக்ரோமீட்டரில் திருகும் பொருளும் ஒரே கோட்டில் உள்ளன. காலிப்பரிலோ அளவுகோல் ஓரிடத்திலும் பொருள் அதனின்று விலகியும் உள்ளன. ஆதலால் தாடை இம்மியளவு சாய்ந்தாலும் அளவு பிறழ்கிறது.

இயந்திரத்தில் கவனிக்க வேண்டியவை

லேத்தின் கிராஸ் ஸ்லைடு திருகில் தேய்மானத்தால் சிறிது தளர்ச்சி இருக்கும். டூலை வேண்டிய அளவுக்கு மேல் செலுத்திவிட்டால், கைப்பிடியைச் சிறிது பின்னே திருப்பி நிறுத்துவது போதாது. ஒரு சுற்றளவு பின்னே இழுத்து, மறுபடியும் முன்னோக்கி வந்தே நிற்க வேண்டும். டூல் 0.01 மில்லிமீட்டர் முன்னே சென்றால் விட்டம் 0.02 மில்லிமீட்டர் குறையும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். சில இயந்திரங்களின் டயல் டூலின் நகர்ச்சியைக் காட்டும். வேறு சில விட்டத்தின் குறைவையே காட்டும். புதிய இயந்திரத்தில் கை வைக்குமுன் இதனைத் தெரிந்துகொள்வது அறிவுடைமை.

இறுதி அளவை எட்டுவதற்குத் தேர்ந்த தொழிலாளர் கையாளும் முறை ஒன்று உண்டு. விட்டத்தில் இன்னும் 0.40 மில்லிமீட்டர் எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். அதனை இரு சமமான வெட்டுகளாகப் பிரித்துக்கொள்கின்றனர். முதல் வெட்டில் 0.20 எடுத்து, ஆறவிட்டு அளக்கின்றனர். இயந்திரமும் டூலும் எவ்வளவு வளைந்து கொடுத்தன என்பதை அந்த அளவு காட்டிவிடும். அடுத்த வெட்டும் ஏறத்தாழ அதே ஆழமாதலால் அதே வளைவே நேரும்; அதற்கேற்பத் திருத்திக்கொண்டு முடிக்கின்றனர். கடைசியில் மயிரிழை அளவே எஞ்சவிட்டால், கூர் மழுங்கிய டூல் வெட்டாமல் உராய்ந்துகொண்டே செல்லும். அதனாற் சூடுதான் மிகும்.

மெல்லிய வளையங்களைக் கடையும்போது மற்றொரு பிழை நேர்கிறது. மூன்று தாடைகளுள்ள சக் வளையத்தை மூன்றிடங்களில் அழுத்துகிறது. அழுத்தத்திலிருக்கும்போது துளை வட்டமாகக் கடையப்படுகிறது. தளர்த்தியவுடன் வளையம் தன் இயல்புக்கு மீள, துளை மூன்று மூலைகள் கொண்டதாகிவிடுகிறது. இரண்டு முனைகளால் அளக்கும் கருவி இதனைக் காட்டாமலும் போகலாம். இறுதி வெட்டுக்கு முன் சக்கைத் தளர்த்தி மெல்ல இறுக்குதலும், வளையத்தின் அளவுக்கே கடைந்த மென்தாடைகளைப் பயன்படுத்துதலும் இதற்குப் பரிகாரம்.

லேத்தே நேராக உள்ளதா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. கனத்த எஃகுக் கம்பி ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, மறுமுனைக்குத் தாங்கல் கொடுக்காமல், 150 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பட்டைகளை விட்டு நடுப்பகுதியைக் குறைக்க வேண்டும். பின்னர் டூலை அசைக்காமல் ஒரே நுண்ணிய வெட்டால் இரு பட்டைகளையும் கடைந்து, ஆறவிட்டு அளக்க வேண்டும். இரண்டும் ஒரே விட்டமாயின் இயந்திரம் நேர். வேறுபட்டால், நுண்மட்டக் கருவி வைத்து அடித்தளத் தாங்கல்களைச் சரிசெய்து மீண்டும் சோதித்தல் வேண்டும். புதிதாக நிறுவிய இயந்திரத்தைப் பார்வையிடும் களப் பணியாளர்கள் முதலில் இச்சோதனையைச் செய்விப்பது நன்று.

வகுப்பறையிற் செய்து காட்டத்தக்க பரிசோதனை

50 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், முனைகள் இணையாகக் கடையப்பட்ட எஃகுத் துண்டு ஒன்றையும் அலுமினியத் துண்டு ஒன்றையும் தயார் செய்க. அறையின் உஷ்ணநிலையில் இரண்டையும் அளந்து கரும்பலகையில் எழுதுக. பின் இரண்டையும் 70 டிகிரி வெந்நீரில் சில நிமிடங்கள் இட்டு, துணியால் எடுத்து, விரைந்து துடைத்து அளக்கச் செய்க. அறை 30 டிகிரியாயின், எஃகு 0.02 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவும் அலுமினியம் ஏறத்தாழ 0.045 மில்லிமீட்டரும் நீண்டிருக்கும். அளக்கும்போதே சூடு குறைவதால் காணும் அளவு இதனிற் சிறிது குறையலாம். சாதாரண மைக்ரோமீட்டரில் திம்பிளின் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர், எனவே எஃகில் இரண்டு கோடுகளும் அலுமினியத்தில் நான்கு கோடுகளும் நகர்ந்திருப்பதை மாணாக்கர் தம் கண்ணாலேயே காண்பர். ஐந்து நிமிடங்களுக்கொரு முறை மீண்டும் அளக்கச் செய்து, துண்டு பழைய நீளத்துக்குத் திரும்புவதையும் குறிக்கச் சொல்லலாம். நூறு முறை கூறினும் மனத்திற் பதியாத உண்மை இதனால் ஒரே நாளிற் பதிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை

அளவெடுக்கும் ஆவலில் சுழலும் உருப்படியின்மேல் மைக்ரோமீட்டரை வைப்பார் உளர். இது கருவியைக் கெடுப்பதோடு விரலையும் கெடுக்கும். இயந்திரம் முற்றும் நின்ற பின்னரே கை அருகே செல்ல வேண்டும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டு இயந்திரத்தை ஓட்டுதல், தளர்ந்த ஆடையுடனோ கையுறையுடனோ சுழலும் பகுதியருகே நிற்றல், உலோகச் சுருள்களை வெறுங்கையால் இழுத்தல் ஆகியவை எக்காரணத்தாலும் அனுமதிக்கத் தக்கவையல்ல. கண்ணாடி அணியாத மாணாக்கனை இயந்திரத்தருகே விடாமையும் ஆசிரியரின் கடமையாகும்.

முடிவுரை

தொடக்கத்திற் கூறிய வழக்குக்கு மீண்டும் வருவோம். அத்தொழிலாளி ஷாப்டைச் சிறிது நேரம் ஆறவிட்டு அளந்திருப்பின், இறுதி வெட்டுக்கு முன்பே உண்மை அளவை அறிந்து, 14 மைக்ரானை மிச்சம் விட்டிருப்பான். அவனுக்குத் தேவைப்பட்டது விலையுயர்ந்த இயந்திரமன்று, புதிய கருவியுமன்று, பொறுமையும், அப்பொறுமைக்குக் காரணம் கூறும் ஓர் ஆசிரியருமேயாவர். அளவு பிழைத்த உருப்படியோடு மாணாக்கன் முன்வந்து நிற்கும்போது, அதனைச் சூடாக அளந்தாயா, ஆறவிட்டு அளந்தாயா என்று முதலிற் கேட்போமாக. பல வேளைகளில் அவ்வொரு கேள்வியே உருப்படியையும் மாணாக்கனையும் காப்பாற்றிவிடும்.